எரிபொருளைக் கேட்கும் முன் எடையைக் கேளுங்கள்

காரைக்குடிப் பக்கம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. "அடுத்த வண்டி கரண்டு வண்டியாவே எடுத்துரலாமாண்ணே, இல்ல சிஎன்ஜியா?" பக்கத்தில் இருப்பவர், என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்தான் நல்லது என்பார். இன்னும் அஞ்சு வருஷம் பொறுத்தால் ஹைட்ரஜன் வந்துவிடும் என்று எதிர் இலையிலிருந்து ஒருவர் சொல்வார். வண்டிக்குள் எதை ஊற்றுவது, எதை ஏற்றுவது என்பதைச் சுற்றியே பேச்சு ஓடும். ஒரு கிலோமீட்டர் நகர அந்த வண்டிக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி. எரிபொருள் எது என்பது அதற்கு அப்புறம்தான் வர வேண்டும்.

மாற்று எரிபொருள் நமக்குப் புதிதும் இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது தமிழ்நாட்டுச் சாலைகளில் கரி பஸ் ஓடியது. பஸ்ஸோடு ஒரு உலையைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைப் போதிய காற்று விடாமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கிடைக்கும். அதை வடிகட்டி என்ஜினுக்கு அனுப்பினார்கள். கிளம்பும் முன் உலை மூட்டிக் காத்திருக்க வேண்டும். மேடு வந்தால் வண்டி திணறும். பெட்ரோல் திரும்பக் கிடைத்ததும் கரி பஸ் காணாமல் போனது. இன்றைக்கும் சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். கரிக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் அதில் கார் ஓட்ட ஆளில்லை. எரிபொருள் கையில் கிடைப்பது ஒன்று, அதைக் கொண்டு அன்றாடம் சிரமமில்லாமல் வண்டி ஓட்டுவது வேறு.

காட்டாமணக்கின் கதையும் பலருக்கு நினைவிருக்கும். 2003ல் திட்டக்குழு தேசிய பயோடீசல் இயக்கத்தைப் பரிந்துரைத்தது. 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் தாவர எண்ணெயிலிருந்து வர வேண்டும் என்பது இலக்கு. தரிசு நிலத்தில் தானாக வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது என்றார்கள். மூன்றும் ஓரளவு உண்மை. தண்ணீரில்லாமல் செடி பிழைத்துக்கொண்டது, ஆனால் காய்ப்பதற்குத் தண்ணீரும் உரமும் கேட்டது. தண்ணீரும் உரமும் இருந்தால் நம் சம்சாரி ஏன் காட்டாமணக்கு போடப்போகிறார்? இலக்கு எட்டப்படவே இல்லை.

இனி வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, எல்லாவற்றையும் ஈபி யூனிட்டிலேயே சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் கார் ஒரு கிலோமீட்டருக்கு அரை யூனிட்டை எரிக்கிறது. அந்த அரை யூனிட்டில் சக்கரத்துக்கு வந்து சேருவது நாலில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. மிச்சமெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெறும் சூடாகப் போய்விடுகிறது. அதே அளவு மின்சாரக் கார் ஒரு கிலோமீட்டருக்கு 0.13 முதல் 0.15 யூனிட்டில் ஓடிவிடும். மின்மோட்டாரின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது.

சக்கரத்துக்கு வந்த ஆற்றலையும் மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்: எடை, டயரின் உராய்வு, காற்று. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று வேகத்தடைக்கு வேகத்தடை நின்று போகும் ஓட்டத்தில் எடைதான் பெரிய பங்குதாரர். கனமான வண்டியை ஒவ்வொரு முறையும் வேகம் பிடிக்க வைத்து, உடனே பிரேக்கில் கரைக்கிறோம். திருச்சி நெடுஞ்சாலையில் ஏறியதும் காற்று முன்னுக்கு வந்துவிடுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 80லிருந்து 100க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்றின் எதிர்ப்போ பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. ஷோரூமில் சொல்லும் மைலேஜும் மின்காரின் தூரமும் நெடுஞ்சாலையில் பொய்த்துப் போவதாகப் பலர் குறைபட்டுக்கொள்வதற்கு இது முக்கியக் காரணம். அரசு அங்கீகரித்த சோதனை, ஆய்வகத்தில் உருளைகளின் மேல் நிதானமான வேகத்தில் நடப்பது.

இந்த மூன்றையும் ஒருவர் முழு மனதோடு குறைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நல்ல சான்று, ஃபோக்ஸ்வேகன் 2013 வாக்கில் கொண்டுவந்த எக்ஸ்எல்1. எடை 795 கிலோ. காற்றின் எதிர்ப்பைச் சொல்லும் குணகம் 0.19, குறையக் குறைய நல்லது. பின்சக்கரத்தை மூடிவிட்டார்கள், பக்கக் கண்ணாடிக்குப் பதில் கேமரா வைத்தார்கள், இரண்டே இருக்கைகளை ஒன்றுக்கொன்று சற்றுப் பின்தள்ளிப் போட்டார்கள். 800 சிசி டீசல் என்ஜினும் சின்ன மின்மோட்டாரும் சேர்ந்த அந்த வண்டிக்கு அதிகாரப்பூர்வக் கணக்கு 100 கிலோமீட்டருக்கு 0.9 லிட்டர். முன்கூட்டியே சார்ஜ் ஏற்றியதையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது. சார்ஜ் தீர்ந்தபின் டீசலில் மட்டும் ஓடினால் 2 லிட்டர் ஆகும். அதுவும்கூட லிட்டருக்கு 50 கிலோமீட்டர்! வியக்க வேண்டிய பொறியியல்தான். ஆனால் உடல் முழுக்கக் கார்பன் இழை, விலை 1 லட்சம் யூரோவுக்கு மேல், செய்தது 250 வண்டி மட்டுமே. மெர்சிடிஸ் நிறுவனத்தின் ஈக்யூஎக்ஸ்எக்ஸ் என்ற மாதிரி வண்டி 2022ல் ஜெர்மனியிலிருந்து பிரான்ஸின் தென்கரை வரை 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஒரே சார்ஜில் போனது. 100 கிலோமீட்டருக்கு அது எடுத்துக்கொண்டது 8.7 யூனிட். அதுவும் விற்பனைக்கு வரவில்லை.

அமெரிக்காவில் 1993ல் அரசும் மூன்று பெரிய கார் நிறுவனங்களும் கூட்டுச் சேர்ந்து, குடும்பக் கார் ஒன்றை மூன்று மடங்கு சிக்கனமாக்கப் புறப்பட்டன. மாதிரி வண்டிகளும் வந்தன. 2002ல் திட்டத்தையே கைவிட்டார்கள். அந்தக் கூட்டில் சேராத டொயோட்டா இதற்கிடையில், 1997லேயே, ப்ரியஸ் ஹைபிரிட்டைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. மூன்று மடங்கு என்று ஆசைப்படாமல், சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் கொஞ்சம் கூடுதல் சிக்கனம் கொடுத்த வண்டி அது. அந்த வழியில் வந்தவைதான் 2022ல் நம் ஊருக்கு வந்த டொயோட்டா ஹைரைடரும் மாருதி கிராண்ட் விட்டாராவும். சோதனையில் லிட்டருக்கு 28 கிலோமீட்டரை ஒட்டிக் கொடுக்கின்றன. சார்ஜர் தேடி அலைய வேண்டாம், பெட்ரோல் பங்க் போதும். நகருக்குள் நின்று நின்று போகும்போது பிரேக்கில் வீணாகும் ஆற்றலைத் திரும்ப எடுத்துக்கொள்வதால் அங்கே இதன் லாபம் அதிகம். ஒரே சீராகப் போகும் நெடுஞ்சாலையில் குறைவு. சாதாரணப் பெட்ரோல் வண்டியைவிடக் கொடுக்கும் கூடுதல் விலையை மீட்க நிறைய ஓட்டியாக வேண்டும்.

சூரிய ஒளிக் காரைப் பற்றியும் கேட்கிறார்கள். நம் வெயிலுக்கு ஏற்றது என்று தோன்றுவது இயல்புதான். ஒரு காரின் கூரையிலும் பானட்டிலும் இரண்டரை சதுர மீட்டர் தகடு பொருத்தினால் உச்சி வெயிலில் அரை கிலோவாட் கிடைக்கும். நாள் முழுவதும் வெயிலில் நின்றால் 2 யூனிட், அதாவது 13, 14 கிலோமீட்டர். ஆனால் சித்திரை வைகாசியில் காரைக்குடியில் எவர் காரை வெயிலில் நிறுத்துகிறார்? வேப்பமர நிழலுக்குத்தான் போட்டி. நெதர்லாந்தில் லைட்இயர் என்ற நிறுவனம் இரண்டரை லட்சம் யூரோ விலையில் சூரியக் கார் செய்யத் தொடங்கிச் சில வாரங்களிலேயே, 2023 ஜனவரியில், உற்பத்தியை நிறுத்தியது. தகடு இருக்க வேண்டிய இடம் வீட்டுக் கூரை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பெட்ரோலில் கலக்கும் சாராய வகையான எத்தனாலை நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை, ஏற்கெனவே நம் டேங்குக்குள் வந்துவிட்டது. 2023ல் தொடங்கிய 20 சதவீதக் கலப்பு இப்போது நாடு முழுக்க வழக்கமாகிவிட்டது. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலப்புக்கென்று சரிசெய்த காரில் 20 சதவீதம் ஊற்றினால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே சொல்கிறது. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2,860 லிட்டர் தண்ணீர் ஆகும் என்ற கணக்கும் அதே அறிக்கையில் இருக்கிறது. படமாத்தூரில் சர்க்கரை ஆலை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். கண்மாயையும் ஊருணியையும் நம்பிப் பிழைக்கும் சீமையில், வண்டிக்காகக் கரும்பு போடுவதை என் மனம் ஏற்கவில்லை.

செட்டிநாட்டுக்கென்று இன்னொரு சங்கடமும் இதில் உண்டு. சென்னையிலோ சிங்கப்பூரிலோ குடியிருந்துகொண்டு, ஊர் வீட்டில் ஒரு காரை நிறுத்திவைத்திருப்பவர்கள் ஏராளம். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே அது வெளியே வரும். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பாதி டேங்க் பெட்ரோலோடு ஐப்பசி கார்த்திகை மழைக்காலம் முழுக்க வண்டி நின்றால், உறிஞ்சிய ஈரம் அளவு மீறும்போது எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய வண்டியின் ரப்பர் குழாயும் வாஷரும் எத்தனாலுக்கென்று செய்தவையும் இல்லை. நிறுத்திவைக்கும் வண்டிதான் என்றால் மாதம் ஒருமுறையாவது யாரையாவது ஓட்டவைத்து, பெட்ரோலைப் புதுசாக வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவான சிஎன்ஜியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புகை குறைவு, கிலோமீட்டருக்கு ஆகும் செலவும் குறைவு, கரியமில வாயு பெட்ரோலைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நாட்டின் எரிவாயுத் தேவையில் ஏறக்குறைய பாதி இறக்குமதி. வாயுவை 200 மடங்கு காற்றழுத்தத்தில் அடைத்துவைக்கும் சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதித்துச் சான்று வாங்க வேண்டும். வாடகை வண்டிக்காரர்களிடம் கேட்டால் பதில் வேறு திசையிலிருந்து வரும். "டிக்கியில சிலிண்டரை வச்சுட்டா ஆச்சியோட சீர்ச் சாமானை எங்கண்ணே வைக்கிறது?" எவர்சில்வர் அண்டாவும் பித்தளைப் பானையும் பழத்தட்டும் பெட்டியுமாகக் கிளம்பும் ஊரில் அது நியாயமான கேள்வி. சிலிண்டரை இரண்டாகப் பிரித்து டிக்கிக்கு அடியில் வைக்கும் அமைப்பு இப்போது வந்திருக்கிறது. கொஞ்சம் பரவாயில்லை.

ஹைட்ரஜனுக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு கணக்கைச் சொல்கிறேன். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஏறக்குறைய 55 யூனிட் மின்சாரம் ஆகிறது. டொயோட்டா மிராய் போன்ற கார் அந்த ஒரு கிலோவில் 100 கிலோமீட்டரோ கொஞ்சம் கூடவோ போகும். அதே 55 யூனிட்டை நேராக ஒரு மின்கலத்தில் ஏற்றினால் 350 கிலோமீட்டர் போகலாம். அதற்கு மேல், 700 மடங்கு காற்றழுத்தத்தில் அடைத்துத் தரும் பங்க் வேண்டும். உருக்காலைக்கும் உரத் தொழிற்சாலைக்கும் ஹைட்ரஜன் பெரிய வரமாக இருக்கலாம். வீட்டுக் காருக்கு இதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.

ஆக, மின்கலம்தான் நாம் ஆழமாகப் பார்க்க வேண்டியது. அதைப் பற்றிப் பேச காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் நாட்டில் சிலதான் இருக்கும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊரார் வாயில் சிக்ரி. 1948 ஜூலை 25ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். லித்தியம் மின்கலம் கடைக்கு வருவதற்கு நாற்பது வருடம் முன்பே, மின்வேதியியலுக்கென்று ஒரு நிறுவனத்தை இந்தச் செம்மண்ணில் ஊன்றிய தொலைநோக்கை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. லித்தியம் அயனியும் அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் சோடியம் அயனியும் அங்கே ஆராயப்படுகின்றன. சோடியம் கடலுப்பிலேயே இருக்கிறது, விலை மலிவு. ஆனால் அதே ஆற்றலுக்கு மின்கலத்தின் எடை கூடும். மறுபடியும் எடை!

30 யூனிட் கொள்ளும் மின்கலத் தொகுப்பு 200 கிலோவைத் தாண்டும். 200 கிலோமீட்டர் போக அது வேண்டும். அதே தூரத்துக்குப் பெட்ரோல் 11 லிட்டர், 8 கிலோ. தூரத்தை இரட்டிப்பாக்க 60 யூனிட் மின்கலம் போட்டால் இன்னொரு 200 கிலோ ஏறும். அதைத் தாங்க வண்டியின் அடிச்சட்டம், டயர், பிரேக் எல்லாம் கனக்கும், கிலோமீட்டருக்கு ஆகும் யூனிட்டும் கூடும். 'ஒரே சார்ஜில் 500 கிலோமீட்டர்' என்ற விளம்பரத்துக்குப் பின்னால் இருப்பது இந்தப் பாரம்தான். லித்தியமும் நமக்கு வெளியிலிருந்துதான் வருகிறது. மோட்டாருக்கான, அரிமண் எனும் அரிய உலோகங்கள் சேர்ந்த காந்தங்களுக்குச் சீனா 2025 ஏப்ரலில் கட்டுப்பாடு விதித்ததும் இங்கே வண்டி செய்பவர்கள் தவித்துப்போனார்கள்.

மின்கார் புகை விடாது என்பதால் மாசே இல்லை என்று ஆகிவிடாது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.73 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, ஏனெனில் பெரும்பங்கு நிலக்கரி. கம்பி வழி இழப்பையும் சார்ஜ் ஏற்றும் இழப்பையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 125 கிராம். பெட்ரோல் கார், சுத்திகரிப்பையும் சேர்த்து, 155 கிராம். வித்தியாசம் 30 கிராம்தான். 30 யூனிட் மின்கலத்தைச் செய்யும்போதே இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியாகியிருக்கும். அந்தக் கடனை 30 கிராம் 30 கிராமாக அடைக்க 80,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். வருடம் 8,000 ஓட்டுபவருக்குப் பத்து வருடம். ஆனால் சார்ஜ் வீட்டுச் சூரியத் தகட்டிலிருந்து வந்தால் கிலோமீட்டருக்கு 155 கிராமும் மிச்சம், 16,000 கிலோமீட்டரில் கடன் தீர்ந்துவிடும். காரும் அதே, மின்கலமும் அதே. மின்சாரம் வரும் இடம் மட்டும்தான் வேறு.

இதனால்தான் கூரையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 3 கிலோவாட் தகடு நம் வெயிலில் ஒரு நாளைக்குச் சராசரி 12 யூனிட் தரும். அது 80 கிலோமீட்டர். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இதற்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. சென்னை அடுக்குமாடியில் இருப்பவருக்கு இல்லாத இடவசதி நமக்கு இருக்கிறது என்று யாரும் நினைப்பார்கள். நடைமுறை அவ்வளவு எளிதில்லை. செட்டிநாட்டு வீட்டின் சரிவான கூரையில் நாட்டு ஓடு அடுக்கடுக்காக வேய்ந்திருக்கும். அதில் துளை போட்டால் மழைக்கு ஒழுகும், ஆள் ஏறி நடந்தாலே ஓடு நொறுங்கும். சுண்ணாம்புத் தளம் போட்ட மொட்டைமாடியிலும் போல்ட் அடிக்கக் கூடாது, கனத்த கல்லை வைத்து அழுத்தித்தான் சட்டத்தை நிறுத்த வேண்டும். நல்ல வழி, பின்கட்டைத் தாண்டிய தோட்டத்திலோ கார் கொட்டகை மேலோ தனிச் சட்டம் போடுவது.

அடுத்தது வயர். முகப்பு ஒரு தெருவில் தொடங்கிப் பின்வாசல் அடுத்த தெருவில் முடியும் வீடுகள் நம்முடையவை. மீட்டர் முகப்பில் இருக்கும், கார் பின்வாசலில் நிற்கும். நடுவில் முற்றத்தைச் சுற்றிய வளவும் இரண்டாம் கட்டும் மூன்றாம் கட்டும். 15 ஆம்பியர் பிளக்கில் 3.3 கிலோவாட்டை இரவெல்லாம் இழுக்கும்போது, மரச்சட்டத்தில் ஓடும் பழைய மெல்லிய வயர் சூடேறும், சாக்கெட் உருகும், ஓல்டேஜ் இறங்கிக் கார் சார்ஜ் ஏற மறுக்கும். மீட்டரிலிருந்து கனமான தனி கேபிளும் தனி எர்த்தும் போட்டுவிட்டுத்தான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இந்தச் செலவை எந்த ஷோரூமும் சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே பங்காளிகள். வீடு ஆறு புள்ளிக்கு, அதாவது ஆறு குடும்பத்துக்குப் பொது, ஈபி இணைப்பு இன்னும் ஐயா பெயரில். மானியம் வாங்கவும், மிஞ்சும் மின்சாரத்தை ஈபிக்குக் கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டர் வைக்கவும் இணைப்பின் பெயர் சரியாக இருக்க வேண்டும். அதற்கு எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மலேசியாவில், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை. மின்காருக்கு நம் ஊரில் இருக்கும் பெரிய தடை பல குடும்பங்களில் இதுவாகத்தான் இருக்கும். படைப்புக்கு எல்லோரும் ஊரில் கூடும் நாளில் இதையும் பேசி எழுதிக்கொள்வது நல்லது.

வெயிலும் மின்கலத்துக்கு ஆகாது. 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு நாள்கணக்கில் நிறுத்திவைத்தால் ஆயுள் சீக்கிரம் குறையும். மாதக்கணக்கில் ஊரில் விட்டுப்போவதானால் பாதிச் சார்ஜில் நிழலில் விடுங்கள். இரும்பு பாஸ்பேட் வகை மின்கலம் எடை கூடுதல் என்றாலும் சூட்டைத் தாங்குவதில் மேல், எளிதில் தீப்பற்றாது, கோபால்ட்டும் நிக்கலும் வேண்டாம். நம் ஊருக்கு அதைத்தான் சொல்வேன்.

எவ்வளவு பெரிய மின்கலம் வேண்டும் என்பது அவரவர் ஓட்டத்தைப் பொறுத்தது. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, தேவகோட்டை, புதுக்கோட்டை என்று நம் அன்றாடப் போக்குவரத்து போய்வர 100 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்கு 20, 25 யூனிட் மின்கலம் தாராளம். 50, 60 யூனிட் மின்கலத்துக்குப் பல லட்சம் கூடுதலாகக் கொடுக்கவைப்பது வருடத்தில் சில தடவை போகும் சென்னைப் பயணம்தான். 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தத் தூரத்துக்கு விடிகாலைப் பல்லவன் ரயில் இருக்கிறது. குடும்பமே கிளம்பினால் வேன் பிடிக்கலாம். என்றோ ஒரு நாள் தேவைக்காக வருடம் முழுக்க 200 கிலோவைச் சும்மா சுமப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாள்தோறும் திருச்சி, மதுரை என்று ஓடும் வாடகைக்காரரின் கணக்கு வேறு. அவருக்கு இன்றைய நிலையில் ஹைபிரிட்டோ சிஎன்ஜியோதான் கட்டுப்படியாகும். பழுதானால் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் பக்கத்திலேயே இருக்கிறார். மின்காரில் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும் கம்பியில் பயிற்சி இல்லாதவர் கைவைக்கவே கூடாது.

பொதுச் சார்ஜரை நெடுஞ்சாலை ஓட்டல்களில் வைப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளையார்பட்டிக்கு வரும் கார் ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கிறது. 7 கிலோவாட் சாதாரணச் சார்ஜரில் ஒன்றரை மணி நேரம் நின்றால் 10 யூனிட் ஏறும், வந்தவர் புதுக்கோட்டையோ சிவகங்கையோ தாராளமாகப் போய்ச் சேரலாம். கானாடுகாத்தானில் தங்கும் விடுதியாக மாறிய வீடுகளில் கார் இரவு முழுக்க நிற்கிறது, அங்கே 3.3 கிலோவாட்டே போதும். லட்சக்கணக்கில் செலவாகும் அதிவேகச் சார்ஜர் இந்த இடங்களுக்குத் தேவையில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கூரை, அதன் மேல் தகடு, தூணுக்கு ஒரு சாக்கெட். கூரை நிழலும் கொடுக்கும்.